மாத்திரைக்கும் ‘நல்லாயிருக்கேன்’க்கும் நடுவில்

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனநோயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நோயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூங்காத ராத்திரிகள், சந்தேகம், ஆஸ்பத்திரி, மாத்திரை, அப்புறம் நேராக “இப்ப நல்லாயிருக்கேன்”. மாத்திரைக்கும் அந்த ‘நல்லாயிருக்கேன்’க்கும் நடுவில் சில மாதங்கள் கிடக்கின்றன. அதில் பாதியை நான் தூங்கியே கழித்தேன். மீதிப் பாதியில் விழித்திருந்தேன், ஆனால் மூளை விழிக்கவில்லை. இந்தப் பதிவு அந்த மாதங்களைப் பற்றியது.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த ஊர் அருப்புக்கோட்டை, வாழ்க்கைப்பட்டது விருதுநகர். ஒரு எண்ணெய் மில் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். பெண் குழந்தை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தூக்கம் நின்றுபோனது. எனக்குத் தூக்கமே தேவையில்லை என்று தோன்றியது. நடுராத்திரியில் பீரோவைக் காலிசெய்து மறுபடி அடுக்கினேன். அப்புறம், பின்வீட்டு மாடியிலிருந்து யாரோ என் பிள்ளையின் அழுகையைப் பதிவுசெய்கிறார்கள் என்று நம்ப ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “பச்ச உடம்புக்காரி, வாசப்படியில நின்னா, காத்துக் கருப்பு பட்டிருக்கும்” என்று தீர்ப்பு சொன்னார். அண்ணன் அதைக் காதில் வாங்காமல் என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். அதற்கு அவனுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

எனக்கு வந்தது 1000 பிரசவத்துக்கு ஒன்றோ இரண்டோ பேருக்கு வருகிற நோய். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும். வேகமாக முற்றும். ஆனால் சரியான மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். எனக்குக் கொடுத்தது ஓலான்சபின். சில நாளிலேயே பின்வீட்டு மாடி வெறும் மாடியானது. அந்த மாத்திரைமேல் எனக்கு இன்றைக்கும் நன்றி உண்டு. கீழே வருகிற புலம்பலையெல்லாம் இந்த வரியைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த மந்தம் எப்படியிருக்கும்?

தூக்கம் வேறு, மந்தம் வேறு. தூக்கம் என்றால் படுத்தால் தீரும். மந்தம் பத்து மணி நேரம் தூங்கி எழுந்த பிறகும் இருக்கும். தலைக்குள் ஈரச் சாக்கைப் போட்டு மூடியது போல.

காலை எட்டு மணிக்கு அம்மா கேட்பார்: “தாயி, பிள்ளைக்குக் கடைசியா எந்தப் பக்கம் பால் குடுத்த?” கேள்வி புரியும். பதில் எங்கேயோ இருப்பதும் தெரியும். எட்டி எடுக்க முடியாது. “அடுப்புல...” என்று ஆரம்பித்து அடுத்த சொல் வராமல் நிற்பேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும், அதை என் கண் பார்த்துக்கொண்டும் இருக்கும், கை மட்டும் நகராது. அண்ணி அனுப்பிய நான்கு வரி வாட்ஸ்அப்பை மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தாலும் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போய்விடும். மாதம் முழுக்க டெபிட் கிரெடிட் போட்டுப் பைசா பிசகாமல் டாலி பண்ணுகிறவள் நான். பால்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்று கணக்குப்போட உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அதைவிடக் கொடுமை, பிள்ளை அழுவது காதில் விழாமல் போனது. ஒரே அறையில் படுத்திருந்தும் அம்மா வந்து என் தோளை உலுக்கினால்தான் விழிப்பு. பிள்ளை பெற்றவளுக்கு அழுகை கேட்காதா என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். கேட்காது. இந்த மாத்திரை போட்டால் பலருக்குக் கேட்காது. இதில் தாய்ப்பாசத்தை இழுக்க வேண்டாம், காரணம் ரசாயனம்.

ஏன் இப்படி அமுக்குகிறது?

நம் மூளையை விழிப்பாக வைத்திருக்கிற ரசாயனங்களில் ஹிஸ்டமின் ஒன்று. சளிக்கு சிபிஎம் மாத்திரை போட்டால் கண்ணைச் சொருகுவது இந்த ஹிஸ்டமினை அது தடுப்பதால்தான். மனநோய்க்கான முதல் மருந்து குளோர்புரோமசின் பிறந்ததே இந்த அலர்ஜி மருந்து ஆராய்ச்சியின் வழியில்தான். பிரான்ஸில் ரோன் பூலாங்க் என்ற கம்பெனி இந்த வகை மருந்துகளைக் குடைந்துகொண்டிருந்தபோது கிடைத்த சரக்கு அது. 1952இல் பாரிஸ் மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதற்குப் பின் வந்த ஓலான்சபின், குவெட்டியாபின், குளோசபின் போன்றவையும் ஹிஸ்டமினை நன்றாகவே மறிக்கின்றன. நோயை அடக்குவது முக்கியமாக டோபமைன் பக்கத்து வேலை. தூக்கம் பெரும்பாலும் இந்த ஹிஸ்டமின் பக்கத்து வேலை. இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன.

அடுத்தது நேரக் கணக்கு. இது புரிந்த பிறகுதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. ஓலான்சபின் விழுங்கினால் ரத்தத்தில் உச்சத்துக்குப் போக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். அதில் பாதி கரைய சராசரியாக 30 மணி நேரம். அதாவது ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டால் விடிகாலை ஐந்து மணிக்குத்தான் அது உச்சியில் நிற்கும். ஆறு மணிக்குப் பிள்ளை பாலுக்கு அழும்போது நான் எழுந்தால்தான் அதிசயம். குவெட்டியாபின் சாதாரண மாத்திரை வேறு ரகம், சீக்கிரம் ஏறி, ஏழு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆகவே அதைப் போடுகிறவருக்குச் சரிப்பட்ட நேரம் எனக்குச் சரிப்படாது.

மாத்திரை மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கும் எந்தத் தாய்க்கும் ஞாபகம் மங்கும். பிரசவத்தில் ரத்தம் போயிருந்தால் சோகை, கூடவே சிலருக்குத் தைராய்டு கோளாறு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 குறைவு. இவை எல்லாமே மந்தத்தைக் கூட்டும். நோய் வந்து போன மூளை தேறவும் நாள் பிடிக்கும். ஹாலோபெரிடால் அல்லது ரிஸ்பெரிடோன் கொடுத்தால் உடம்பு விறைக்காமலிருக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்று ஒரு வெள்ளை மாத்திரை சேர்ப்பார்கள். ஞாபகத்தைக் குழப்புவதிலும் வாயை உலர்த்துவதிலும் அதற்கும் பங்கு உண்டு. “இது இன்னும் எனக்குத் தேவையா?” என்று டாக்டரிடம் கேட்கத் தகுந்த மாத்திரை அது.

டாக்டரிடம் என்ன சொல்வது?

“டல்லா இருக்கு மேடம்” என்று சொன்னால் கிடைக்கிற பதில் “அப்படித்தாம்மா இருக்கும், போகப்போகச் சரியாயிடும்”. அது பொய்யில்லை. முதல் சில வாரங்களில் உடம்பு பழகும்போது தூக்கம் பலருக்கும் ஓரளவு குறையும். ஆனால் ‘ஓரளவு’ போதாத வீடு நம்முடையது. வெளியே முப்பது பேர் காத்திருக்க ஐந்து நிமிஷம் கிடைக்கிற இடத்தில் ‘டல்’ என்ற சொல்லை வைத்து டாக்டரால் எதையும் மாற்ற முடியாது.

என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்று விஷயம் மட்டும் எழுதிவைத்தார்: மாத்திரை போட்ட நேரம், நானாக விழித்த நேரம், கோர்வையாகப் பேச ஆரம்பித்த நேரம். அந்தத் தாள்களை ஒரு கிளிப்பில் போட்டு டாக்டரம்மா மேஜையில் வைத்தோம்.

“பதினொரு மணிக்குப் போடுறியா? ஏன் இவ்வளவு லேட்டா?”

“கடைசிப் பால் குடுத்துட்டுப் போடுறேன் மேடம்.”

“எட்டு மணிக்குப் போடு. ராத்திரி சாப்பாடு ஏழரைக்கு முடிச்சிரு. ராத்திரிப் பால் வேற யாராவது பாத்துக்கணும். முடியுமா?” என்றவர், என்னை விட்டுவிட்டு நேராக என் கணவரைப் பார்த்தார். “முடியுமா சார்?”

அவர் “முடியும் மேடம்” என்றார். என் வைத்தியத்தில் பாதி அந்தக் கேள்வியிலும் பதிலிலும் இருந்தது. மூன்று மணி நேரம் முன்னால் போட்டதில் என் காலை மூன்று மணி நேரம் முன்னால் வந்தது. அளவில் ஒரு மில்லிகிராம்கூட மாறவில்லை.

டாக்டர் கையில் வேறு வழிகளும் உண்டு. பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருந்தால் இரவுக்கே மாற்றலாம். கூடவே கொடுத்த லோராசிபம், குளோனசிபம் போன்ற தூக்க மருந்தை முதலில் மெதுவாகக் குறைக்கலாம். நோய் அடங்கி நிலைத்த பிறகு அளவைப் படிப்படியாக இறக்கலாம். அமுக்காத மருந்துக்கு மாற்றலாம். அரிப்பிபிரசோல் அப்படி ஒன்று, ஆனால் சிலருக்கு உட்காரவிடாத பரபரப்பு தரும், சிலருக்குத் தாய்ப்பால் சுரப்பைக் குறைக்கும். எந்த மாற்றத்திலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். எதைக் கொடுக்கலாம் என்று முடிவுசெய்யும்போது நாமும் இருக்க வேண்டும்.

செய்யவே கூடாதது, நாமாகப் பாதியாக உடைத்துப் போடுவது. மந்தம் மாத்திரையால்தான் வருகிறது என்று தெரிந்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் இந்த நோய்க்குத் தூக்கமின்மையே தீனி. முதல் மாதங்களில் நீண்ட தூக்கம் என்பது பக்கவிளைவு மட்டுமில்லை, வைத்தியமும் அதுதான். திடீரென்று நிறுத்தினால் முதலில் ஒன்றிரண்டு நாள் தலை தெளிந்த மாதிரி இருக்கும், அந்தத் தெளிவோடு தூக்கமும் போகும், அதன்பின் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் மாற்றியவை

பிள்ளை படுக்கும் இடம். நம் வீடுகளில் பச்சைப்பிள்ளை அம்மாவை ஒட்டித்தான் படுக்கும். அமுக்குகிற மருந்து போட்ட அம்மாவை ஒட்டிப் படுக்கவைக்கக் கூடாது. நாம் புரண்டாலும் தெரியாது, துணி முகத்தை மூடினாலும் தெரியாது. ராத்திரியில் படுத்துக்கொண்டே பால் கொடுப்பதும் அதனால்தான் வேண்டாம். என் மகள் ராத்திரியில் அன்றைக்கு முறை யாருக்கோ அவர் பொறுப்பில் தனிப் படுக்கையில். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதுதான். ஆனால் எட்டு மணிக்கு மேல் அந்த வீட்டில் பாதுகாப்பான கை என்னுடையது இல்லை என்பது கணக்கு, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ராத்திரி ஷிப்ட். வாரத்தில் பாதி நாள் விருதுநகரிலிருந்து கடைசி பஸ் பிடித்து என் வீட்டுக்காரர் வருவார். மீதி நாள் அம்மா. மாமியார், அதாவது எங்கள் அத்தை, சனி ஞாயிறு வந்துவிடுவார். “நான் மூணு பிள்ளையையும் தனியாத்தான் வளர்த்தேன்” என்று அத்தை ஆரம்பித்தபோது அவர், “உனக்கு மாத்திரை குடுக்கலையேம்மா” என்று முடித்துவைத்தார். அதற்குப் பிறகு அத்தைதான் ராத்திரி இரண்டு மணிப் பாலுக்கு மற்ற எல்லாரையும்விடக் கறார்.

பால். இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஓலான்சபின், குவெட்டியாபின் இரண்டும் தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே கலக்கின்றன. பிள்ளை ஆரோக்கியமாக, நிறைமாதத்தில் பிறந்திருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் பால் கொடுக்கவே சொல்கிறார்கள். குளோசபின் என்றால் பால் வேண்டாம் என்பார்கள். லித்தியம் சேர்ந்தாலும் தனிக் கவனம் வேண்டும். பார்க்க வேண்டியது பிள்ளையை: வழக்கத்துக்கு மீறித் தூங்குகிறதா, உறிஞ்சுவது குறைந்திருக்கிறதா, எடை ஏறுகிறதா. நான் பகலில் தாய்ப்பால், ராத்திரிக்குச் சாயந்திரமே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பால், அது பற்றாதபோது டாக்டர் சொன்ன பவுடர் பால் என்று போனேன். பவுடர் டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் யாரும் இரண்டு மணிக்கு எழுந்துவரவில்லை.

எழுந்திருக்கும் விதம். இந்த மாத்திரைகள் ரத்தக்குழாயைத் தளர்த்தும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். கையில் பிள்ளை இருந்தால் என்ன ஆகும்! பக்கவாட்டில் திரும்பு, உட்கார், காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் இரு, பிறகு எழு. பிள்ளையை மற்றவர் எடுத்துத் தரட்டும்.

காலை வேலைப் பங்கீடு. கொதிக்கிற எண்ணெய், பிள்ளைக்கு வெந்நீர் விளாவுவது, ஸ்கூட்டி ஓட்டுவது, பிள்ளைக்குச் சொட்டு மருந்து அளப்பது: இவை காலையில் என் பட்டியலில் கிடையாது. துணி மடிப்பது, கீரை ஆய்வது, மடியில் உட்காரவைத்துப் பால் கொடுப்பது உண்டு. பணக் கணக்கு, போன் பேசுவது எல்லாம் மதியத்துக்கு மேல். மூளைக்கும் ஆபீஸ் நேரம் உண்டென்று ஒப்புக்கொண்டதும் அழுகை குறைந்தது.

பத்தியம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் இன்னமும் சொல்வார்கள். இந்த மாத்திரைகளோ மலச்சிக்கலைக் கொண்டுவரும். வயிறு கட்டினால் மந்தம் இரட்டிப்பு. டாக்டரம்மா, “தண்ணியும் கீரையும் பழமும் இல்லாமப் பத்தியம் வேண்டாம்” என்று அம்மாவிடமே நேரில் சொன்னதால் வேலை முடிந்தது. பசியும் கண்டபடி கூடும். ஓலான்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது, அந்த நேரம் பார்த்துப் பிரசவ லேகியத்தை உருண்டை உருண்டையாக விழுங்கினால் ஆகாது. சர்க்கரை, கொழுப்பு, எடை மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 சோதனையையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரைக்குப் பின் மாடிப்படி ஏறும்போது வந்த மூச்சுவாங்கல் போனது, மந்தத்தில் ஒரு பங்கும் போனது.

காபி. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று. மதியத்துக்கு மேல் கிடையாது, ராத்திரித் தூக்கத்தைத் தொடக் கூடாது. எழுந்ததும் வாசலில் வெயில் படும்படி உட்கார்ந்து குடித்தது, வீட்டுக்குள் இருட்டில் குடித்ததைவிட வேலைசெய்தது. சளி வந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இருமல் மருந்தும் பலதும் தூங்கவைக்கும் ரகம். “இன்ன மாத்திரை போடுறேன்” என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

“பிள்ளைய இப்படித் தூங்கவெச்சே கொல்றீங்களே”

ஒரு சித்தப்பா சொன்னது. நல்ல மனுஷர்தான், என் பேச்சுக்கு ரசிகர். நான் மந்தமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. “மாத்திரைய நிப்பாட்டுங்க, தெளிஞ்சிருவா” என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். தாங்க முடியாதவர்கள் சொல்வதால்தான் இந்தப் பேச்சுக்கு வலு அதிகம். அம்மா தடுமாறினார். அண்ணன்தான், “சித்தப்பா, தூங்காம இருந்தப்ப நீங்க பாக்கலை. நான் பாத்தேன்” என்றான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் போதும். அதிகம் தூங்குவது, சொல் தேடுவது, மெதுவாக நடப்பது எல்லாம் பெரும்பாலும் மருந்து. தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாமல் இருப்பது, பேச்சு வேகமெடுப்பது, புதிதாகச் சந்தேகம், பிள்ளையைப் பற்றி விசித்திரமான பேச்சு என்றால் அது நோய் எட்டிப்பார்ப்பது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சுறுசுறுப்பைப் பார்த்து ‘தெளிஞ்சுட்டா’ என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எழுப்பியும் எழாத தூக்கம், மூச்சு மெலிவது, அல்லது காய்ச்சலோடு உடம்பு விறைத்துக் குழம்புவது என்றால் டாக்டர் வரும் நாளுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒருவேளை அட்மிட் செய்ய நேர்ந்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் பல வீடுகளில் வைத்தியத்தையே தள்ளிப்போடுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டும் விலக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு 2009இலிருந்து இருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை என்பதுதான் துக்கம். பேசுவதற்கு யாராவது வேண்டுமென்றால் டெலிமானஸ் 14416. ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம்.

இப்போது

மகள் ஓடுகிறாள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதல் மாதம் ஆபீஸில் மூத்த கணக்கர் அண்ணாச்சி, காலையில் எனக்கு ஃபைல் அடுக்குகிற வேலையும் மதியம் என்ட்ரி வேலையும் கொடுத்தார். காரணம் கேட்கவில்லை. மருந்தின் அளவு டாக்டரம்மா சொல்லச்சொல்ல இறங்கியது, இறங்க இறங்கச் சொற்கள் திரும்பின. மந்தம் ஒரே நாளில் விலகவில்லை. ஒரு நாள் பால்காரர் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுச் சில்லறை கொடுத்துவிட்டு உள்ளே வந்த பிறகுதான் கவனித்தேன். இன்னொரு பிள்ளை வேண்டுமென்று தோன்றினால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். இந்த நோய் அடுத்த பிரசவத்திலும் திரும்பக்கூடியது, முன்கூட்டியே தயாராகலாம்.

பொறுத்துக்கொண்டு கிடப்பது, மாத்திரையைத் தூக்கிப் போடுவது என்று இரண்டு வழிதான் நம்மிடம் சொல்லப்படுகிறது. பேரம் பேசுவது என்று மூன்றாவது ஒன்று உண்டு. நேரத்தைப் பேசலாம், அளவைப் பேசலாம், எந்த மாத்திரை என்று பேசலாம், ராத்திரிப் பால் யார் கொடுப்பது என்று வீட்டில் பேசலாம். நோயை மட்டும் பேரத்தில் வைக்க முடியாது. முடிந்தால் டாக்டரிடம் சாயந்திர நேரமாகக் கேட்டு வாங்குங்கள். காலை ஓ.பி. மட்டும்தான் என்றால், சொல்ல வேண்டியதை முந்தின நாள் மதியமே எழுதிக் கூட வருகிறவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு நமக்குப் பேச வராது.